மாரடைப்புக்குப் பின் 200 கிலோமீட்டர்

மாரடைப்பு வந்தவர் மீண்டும் மிதிவண்டி ஓட்டலாமா என்னும் கேள்வி எங்கள் இதயநோய்ப் பிரிவில் அவ்வப்போது எழுவதுண்டு. பெரும்பாலோர் கேட்பது கடைத்தெருவுக்கும் பணியிடத்துக்கும் போய்வருவதைப் பற்றியே. ஆனால், ஐம்பத்தொரு வயதான கணித ஆசிரியர் ஒருவர் கேட்டது வேறு. ஒரே நாளில் 200 கிலோமீட்டர் கடக்கும் மிதிவண்டி நெடும்பயணம் ஒன்றில் தாம் பங்கேற்கலாமா என்று அவர் வினவினார். அப்போது அவருடைய இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தி நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

உடன் வந்திருந்த அவர் மனைவி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "டாக்டர், அவருக்கு அந்த வண்டி வேண்டும். எனக்கு அவர் வேண்டும்" என்றார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, அவர் அப்பயணத்தை நிறைவு செய்தார். அந்த ஓராண்டில் நடந்தவை மற்ற நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் பயன்படும் என்பதால், அவ்விருவரின் ஒப்புதலுடன், பெயரைத் தவிர்த்து இங்கே எழுதுகிறோம்.

ஓய்வு என்னும் பழைய மருந்து

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை படுக்கையிலேயே வைத்திருப்பது மருத்துவ வழக்கமாக இருந்தது. நீண்ட படுக்கையால் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்தது, தசைகள் தளர்ந்தன, மனமும் சோர்ந்தது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளை விரைவிலேயே நாற்காலியில் அமரச் செய்து, அது பாதுகாப்பானது என்று எழுதினர். 1955-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவரைக் கவனித்த இதயநோய் வல்லுநர் பால் டட்லி வைட், உடற்பயிற்சியை, குறிப்பாக மிதிவண்டியை, ஊரறியப் பரிந்துரைத்தவர், தாமும் ஓட்டியவர். பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் ஆற்றங்கரையோரம் உள்ள மிதிவண்டிப் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இன்று, இதய மறுவாழ்வுப் பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. ஆயினும் பல வீடுகளில் பழைய அச்சம் இன்னும் நீங்கவில்லை. மாடிப்படி ஏறக்கூடாது, வாளி தூக்கக்கூடாது என்று தொடங்கும் தடைகள், நாளடைவில் நோயாளியைச் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக ஆக்கிவிடுகின்றன.

பிரெவே என்பது யாது?

ஆசிரியர் குறிப்பிட்ட பயணத்துக்குப் 'பிரெவே' என்று பெயர். இது பிரான்சில் தோன்றிய மரபு. அவரவர் தம் வேகத்தில் ஓட்டும் இம்முறையை ஆடாக்ஸ் கிளப் பாரிசியான் என்னும் அமைப்பு 1921-இல் தொடங்கியது. இது பந்தயமன்று, முதலிடம், இரண்டாமிடம் என்பன இதில் இல்லை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் ஓட்டுநர் தம் அட்டையில் முத்திரை பெற வேண்டும் அல்லது தாம் அங்கு வந்ததை வேறு வகையில் உறுதிசெய்ய வேண்டும். உணவு, நீர், பழுதுபார்ப்பு யாவும் அவரவர் பொறுப்பு. 300, 400, 600 கிலோமீட்டர் என்று இவ்வரிசை நீளும். நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்தில் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும்.

ஓய்வையும் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் என்பது கடும் வேகமன்று. அந்த வேகத்தைப் பகல் முழுவதும் தாங்குவதே இதன் கடினம். எனவே எங்கள் முன் நின்ற கேள்வி, இந்த இதயம் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதன்று. எவ்வளவு நேரம் அமைதியாக உழைக்கும் என்பதே.

முதலில் அளந்தது

உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எக்கோ பரிசோதனையில், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு 52 விழுக்காடாக இருந்தது. தசைச் சேதம் சிறிதே. பன்னிரண்டு வார மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பின் டிரெட்மில் சோதனை செய்தோம். நெஞ்சுவலியோ ஈசிஜி மாற்றமோ இன்றி அவர் 10 மெட் அளவை எட்டினார்.

மெட் என்பது உழைப்பை அளக்கும் அலகு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன் ஒரு மெட். சமதளத்தில் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டி ஓட்டுவது ஏறத்தாழ 7 மெட். ஆக, அவருக்கு இடைவெளி இருந்தது; ஆனால் தாராளமான இடைவெளி இல்லை. அதை விரிவாக்கவே மாதங்கள் தேவைப்பட்டன.

அவர் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுத்துவந்தார். அது இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைத்து வைக்கும். ஆகவே வயதை 220-இலிருந்து கழித்துத் துடிப்பு வரம்பு காணும் கணக்கு இத்தகையோருக்குப் பொருந்தாது. கணித ஆசிரியரான அவருக்கு இது ஏமாற்றமே! அதற்கு மாற்றாக எளிய அளவுகோல் ஒன்றைக் கொடுத்தோம். ஓட்டும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தும் முடியாவிட்டால் இறங்கிவிட வேண்டும். இந்த விதியை அவருக்கு மட்டுமன்றி அவர் மனைவிக்கும் விளக்கினோம்.

பாதியில் திரும்பிய நாள்

முதலில் நாளுக்கு 30 நிமிடம், பிறகு வார இறுதியில் 25, 40, 60 கிலோமீட்டர் என்று பயிற்சி வளர்ந்தது. ஆடி மாதத்தில் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார். முன்பு எளிதாகக் கடந்த தொலைவிலேயே அன்று மூச்சு வாங்கியது. வேகத்தைக் குறைத்தும் வாக்கியம் முழுமை பெறவில்லை. நெஞ்சுவலி இல்லை, கால்களிலும் வலி இல்லை. இன்னும் சிறிது தூரம் போய்ப் பார்ப்போம் என்று மனம் சொன்னதாகப் பின்னர் எங்களிடம் கூறினார். எனினும் 60-ஆம் கிலோமீட்டரில் இறங்கி, ஒரு சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார். மறுநாள் காலை எங்கள் பிரிவுக்கு வந்தார்.

ஈசிஜியிலும் எக்கோவிலும் புதிதாக ஏதுமில்லை. இரத்தப் பரிசோதனைதான் காரணத்தைக் காட்டியது. 14 கிராமாக இருந்த ஹீமோகுளோபின் 10-க்கு இறங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் உட்சுவரில் சிறு புண்களும் மெல்லிய கசிவும் தெரிந்தன. ஸ்டென்ட் அடைபடாதிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துக் கொடுக்கும்போது, இரைப்பைப் புண் ஏற்படாமலிருக்க அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றையும் எழுதியிருந்தோம். 'அது வெறும் கேஸ் மாத்திரைதானே' என்று எண்ணி அவர் இரண்டு மாதங்களாக அதை நிறுத்தியிருந்தார்.

அம்மாத்திரையை மீண்டும் தொடங்கி, இரும்புச்சத்தும் கொடுத்தோம். ஸ்டென்ட்டுக்கான மருந்துகளை நிறுத்தாமல், நெருங்கிக் கண்காணித்தோம். மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் பழைய நிலைக்கு வந்தது. அவர் வீட்டில் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தால் அந்தக் கசிவு இன்னும் பல வாரங்கள் வெளித்தெரியாமல் போயிருக்கக்கூடும். அன்று அவர் இறங்கியதை நாங்கள் தோல்வியாகக் கருதவில்லை. அவர் மனைவியும் அப்படிக் கருதவில்லை. "நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். இனி எனக்கு அச்சம் பாதிதான்" என்றார்.

பயண நாள்

தை மாதத்துக்குள் ஸ்டென்ட் பொருத்திப் பதினாறு மாதங்கள் ஆகிவிட்டன. குளோபிடோகிரல் ஓராண்டில் நிறுத்தப்பட்டு, ஆஸ்பிரின் மட்டும் தொடர்ந்தது. மீண்டும் டிரெட்மில் சோதனை செய்து, எழுத்து மூலம் ஒப்புதல் அளித்தோம்.

காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் தொடங்கியது. மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் வழியாகச் சென்று, 100-ஆம் கிலோமீட்டரில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முத்திரை இடத்திலும் வீட்டுக்குத் தகவல் சொல்வதென்று ஏற்பாடு. மணிக்கொரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ, இடையிடையே உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். பசித்த பின் உண்பதும் தாகித்த பின் ஒரே மூச்சில் குடிப்பதும் நெடும்பயணத்துக்கு ஆகா.

வாடைக்காற்று முதுகைத் தள்ளியதால், முற்பகல் 11.20-க்கே திரும்பும் இடத்தை அடைந்தார். அரைமணி நேரம் உணவுக்காக நிறுத்தினார். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதியது. வேகம் குறைந்தது, கழுத்தும் உள்ளங்கைகளும் மரத்துப்போயின. பிற்பகல் மூன்று மணிக்கு, 150-ஆம் கிலோமீட்டரில், மாமல்லபுரம் அருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து மனைவியை அழைத்தார். களைத்துவிட்டதாகவும், தொடர்வதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

அம்மையார் திரும்பி வாருங்கள் என்று சொல்லவில்லை. நெஞ்சில் வலி உண்டா, இடக்கையிலோ தாடையிலோ இறுக்கம் உண்டா, தலைசுற்றல் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, அவர் பேசுவதைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் முழு வாக்கியமாகத்தான் பேசுகிறீர்கள். அது வெறும் களைப்புதான். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்" என்றார்.

முப்பத்தைந்து நிமிட ஓய்வு. இரண்டு இட்லி, ஒரு தேநீர். மாலை 6.50-க்கு, 12 மணி 50 நிமிடத்தில், அவர் பயணத்தை முடித்தார். அவருக்குப் பின்னும் சிலர் வந்தனர். முன்னே பலர் வந்திருந்தனர். யாரும் அதைக் கணக்கிடவில்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

இந்த அனுபவத்தைப் படித்து யாரும் நாளையே நெடுஞ்சாலைக்குப் புறப்பட வேண்டாம். இதயத் தசை பெரிதும் பலவீனமானவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள், வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் ஆகியோருக்கு இத்தகைய பயணம் பொருந்தாது. நடைப்பயிற்சியே அவர்களுள் சிலருக்கு உரிய 200 கிலோமீட்டர். அதையும் மருத்துவர் சொல்லும் அளவில் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு எங்கள் அறிவுரைகள் இவை:

• வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை முதல் இலக்காகக் கொள்ளுங்கள். தொலைவு பிறகு வரட்டும்.

• மருத்துவர் எழுதிய எந்த மாத்திரையையும், அது சிறிதாகத் தோன்றினாலும், தாமாக நிறுத்தாதீர்கள். மலம் கருநிறமாகப் போனால் உடனே தெரிவியுங்கள்.

• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் எடுப்போர் தலைக்கவசமின்றி வண்டியில் ஏறக்கூடாது. தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

• இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்போர், பயிற்சிக்கு முன்னும் இடையிலும் மட்டுமன்றி அன்றிரவும் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். பல மணி நேரம் கழித்தும் அது இறங்கலாம்.

• நீர் அருந்துவதற்கு மருத்துவர் வரம்பு விதித்திருந்தால், பயண நாளின் அளவை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

• நெஞ்சில் அழுத்தம் தோன்றினால் உடனே இறங்கி அமருங்கள். மருத்துவர் கொடுத்திருந்தால், நாவின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். உங்கள் அச்சம் அன்பிலிருந்து பிறந்தது. அதை நாங்கள் மதிக்கிறோம். அந்த அச்சத்தைத் தடையாக வைத்திருப்பதைவிடக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள்: எந்த அளவு பாதுகாப்பானது, எந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும், அப்போது யாரை அழைக்க வேண்டும். அடுத்த முறை நோயாளியுடன் வரும்போது இம்மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். விடை சொல்ல நாங்கள் காத்திருக்கிறோம்.