பாலாற்றங்கரையில் திரும்பிய வரலாறு

உலக வரலாற்றின் திருப்புமுனைகள் எவை என வினவினால் நம் மாணவர் தயங்காது விடையிறுப்பர். 1453இல் உதுமானியத் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளை வென்றது; 1492இல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்தது; 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது; 1789இல் பாரிசு மக்கள் பாஸ்தில் சிறையைத் தகர்த்தது. இந்தியா அந்நியர் கைப்பட்டது எங்கே என்றால் 1757, பிளாசி என்பர். தேர்வுத்தாளுக்கு இவ்விடைகள் போதும். ஆயினும் நம் மாணவருள் பலர் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ஆம்பூரில், பிளாசிப் போருக்கு எட்டாண்டுகள் முன்னரே அத்திருப்பம் தொடங்கிவிட்டது என்பதே நம் துணிபு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1749ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 3ஆம் நாள் ஆம்பூரில் ஒரு போர் நிகழ்ந்தது. ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் ஒருபுறம். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் அவர்களுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும் மறுபுறம். ஒரு நாளிலேயே முடிந்த போர்தான். ஆனால் அதன் வேர் ஐரோப்பாவில் இருந்தது.

1740இல் ஆஸ்திரியாவின் அரியணை யாருக்கு உரியது என்று ஐரோப்பிய அரசுகள் பூசலிட்டன. அப்பூசலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிர் அணியில் நின்றமையால், சோழமண்டலக் கடற்கரையில் வணிகம் செய்துகொண்டிருந்த அவர்தம் கம்பெனிகளும் போரிட்டன. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அவ்வாண்டே அடையாற்றங்கரையில் நவாபின் பெரும்படையைச் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சு அணி சிதறடித்தது. 1748இல் ஆக்கன் நகரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டை பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. பண்டமாற்றில் ஒரு மூட்டை நெல்லுக்கு ஒரு மூட்டை கேழ்வரகு கொடுப்பது போலச் சென்னை கைமாறியது. சென்னைவாசிகளை யார் கேட்டார்கள்!

ஐரோப்பாவில் அமைதி வந்தது. இங்கோ போர்வீரர் வேலையின்றி இருந்தனர். அவர்களை உண்ணவைக்கவும் வேண்டும், பயன்கொள்ளவும் வேண்டும். அந்நேரத்தில் 1748இல் ஐதராபாத்து நிசாமுல் முல்க் காலமானார். மகன் நாசிர் ஜங்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்கும் பதவிக்குப் போட்டியிட்டனர். ஆர்க்காட்டிலும் அவ்வாறே. முன்னைய நவாபு தோஸ்த் அலியின் மருமகனான சந்தா சாகிபு, மராட்டியர் சிறையிலிருந்து மீண்டு, அன்வருத்தீனை அகற்றித் தாம் நவாபாக விழைந்தார். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே இருவருக்கும் படையுதவி தர முன்வந்தார். இவ்வாண்டுகளின் செய்திகளைத் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழிலேயே எழுதிவைத்தமை தமிழர் பேறு. வரலாற்றுத் துறை மாணவர் மட்டுமன்றித் தமிழ்த் துறை மாணவரும் கற்க வேண்டிய உரைநடை அது.

மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கருநாடகச் சமவெளிக்கு இறங்கும் வழி ஆம்பூர்ப் பள்ளத்தாக்கினூடே செல்கிறது. அவ்வழியை அடைத்து அன்வருத்தீன் அரண் அமைத்திருந்தார். அவரிடம் ஏறத்தாழ 20,000 படையினர் இருந்தனர் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியுள்ளார். பிரெஞ்சு அணியில் ஐரோப்பியர் ஏறத்தாழ 400 பேர். அவர்களோடு பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 2,000 பேர். தளபதி தோத்தேய் தலைமையில் நடந்த முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. இரண்டாவதும் முறிந்தது, அதில் தளபதியே தொடையில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். மூன்றாம் தாக்குதலில் அரண் உடைந்தது. யானைமீதிருந்து தம் படையை நடத்திய முதிய நவாபு துப்பாக்கிக் குண்டு பாய்ந்து மாண்டார். மூத்த மகன் மகபூசு கான் சிறைப்பட்டார். மற்றொரு மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பியோடினார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். இரு படைகளிலும் தலைவர் வீழ்ந்தனர். பிரெஞ்சுத் தலைவர் வீழ்ந்ததும் அடுத்த நிலையிலிருந்த அதிகாரியின் கைக்குப் பொறுப்பு மாறியது, வரிசை குலையவில்லை. நவாபு வீழ்ந்ததும் படையே கலைந்தது. பீரங்கியின் விரைவும், துப்பாக்கி முனையிற் பொருத்திய ஈட்டியும், வரிசை மாற்றிச் சுடும் பயிற்சியும் வெற்றிக்குக் காரணம் என்பர். அஃது உண்மையே. ஆனால் கருவியைக் காசு கொடுத்து வாங்கலாம், வாங்கவும் செய்தனர். தலைவன் மாண்டபின்னும் தொடர்ந்து இயங்கும் அமைப்பை வாங்க இயலாது. நம் சிற்றரசுகளின் படைகள் ஓர் ஆளை நம்பி நின்றன. அவ்வாள் யானைமேல் தெரியும்வரை போர், மறைந்தால் ஓட்டம். சம்பளம் தருபவர் எவர், நாளை அவர் இருப்பாரா என்பதே வீரனின் கவலை. கம்பெனியோ சாவதில்லை. ஆளுநர் மாறினாலும் அதன் கணக்குப் புத்தகம் மாறாது. இடைக்காலத்திலிருந்து நவீன காலத்துக்கு உலகம் திரும்பியதன் உட்பொருள் இதுவே என்று நாம் கருதுகிறோம். ஆட்சிகள் குழுப்பற்றினால் எழுந்து, அப்பற்றுத் தேயும்போது வீழும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே வரைந்துகாட்டியவர் வட ஆப்பிரிக்கப் பேரறிஞர் இப்னு கல்தூன். அவர்தம் கருத்துக்கு ஆம்பூரைவிடத் தெளிந்த உரை கிடைத்தல் அரிது.

மற்றொன்றும் கருதத்தக்கது. 'ஐரோப்பியர் வென்றனர்' என்று எழுதுவது வழக்கம். ஆம்பூரில் அப்பக்கம் வரிசையில் நின்று சுட்டவருள் ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோர் இந்நாட்டினர்.

வெற்றிக்குப் பரிசாகப் புதுச்சேரியைச் சூழ்ந்த ஏறத்தாழ 80 சிற்றூர்கள் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன. ஓர் அரியணைப் போட்டியில் தலையிட்டால் நிலமும் வரியும் கிட்டும் என்னும் பாடத்தை ஆங்கிலேயர் பார்த்துக்கொண்டே இருந்தனர். முகமது அலிக்கு அவர்கள் துணைநின்றனர். 1751இல் கிளைவ் சில நூறு பேருடன் ஆர்க்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். 1754இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். அதே கிளைவ்தான் 1757இல் பிளாசிக்குச் சென்றவர். ஆம்பூரில் பிரெஞ்சுக்காரர் கண்ட வழியை வங்காளத்தில் நடந்துகாட்டினார் என்பதே பொருந்தும். முகமது அலி வென்றார். ஆனால் வெற்றிக்கான கடன் அவரைத் தின்றது. ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் பற்றி 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் நெடியதோர் உரை ஆற்றும் அளவுக்கு அது வளர்ந்தது. 1801இல் கருநாடகம் முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் சென்றது.

1767இல் ஐதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டதும், கர்னல் ஸ்மித் வந்து முற்றுகையை நீக்கியதும் தனிக்கதை. அதனை விரிக்க இங்கு இடமில்லை.

இனி வேலூருக்கு வருவோம். அகழியாற் சூழப்பட்ட அக்கருங்கற் கோட்டை விசயநகரக் காலத்தது. 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பிசப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், நவாபு என ஆண்டவர் மாறி, 1760இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோயிலும் பள்ளிவாசலும் கிறித்தவ ஆலயமும் ஒரே மதிலுக்குள் நிற்பதை இன்றும் காணலாம்.

1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். பிரெஞ்சுக்காரரின் மொரீசியசுத் தீவுக்குத் திப்பு சுல்தான் தூது அனுப்பியிருந்தார். இவ்விரண்டையும் காட்டி ஆளுநர்த் தலைவர் வெல்லெஸ்லி மைசூர்மீது படையெடுத்தார். 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் உயிர்துறந்தார். அவர்தம் மக்களும் குடும்பத்தினரும் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர்.

1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடைவிதி வந்தது. பணியின்போது நெற்றியில் சமயக்குறி கூடாது; தாடியை மழிக்க வேண்டும்; மீசையை ஒரே அளவாக வைத்தல் வேண்டும். தொப்பி போன்ற புதிய தலைப்பாகையில் தோலாற் செய்த குஞ்சம் வேறு. அத்தோல் எவ்விலங்கினது என்னும் ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருங்கே வருத்தியது. 1806 மே மாதம் வேலூரில் மறுத்தவருள் இந்து ஒருவருக்கும் முஸ்லிம் ஒருவருக்கும் 900 கசையடி தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையில் மட்டும் கம்பெனி பாகுபாடு காட்டவில்லை போலும்!

சூலைத் திங்கள் 9ஆம் நாள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டையில் திருமணம். அவ்விரவு கழிந்து 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். உறங்கிய 69ஆம் படைப்பிரிவின் ஆங்கிலேயருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். பின்வந்த பீரங்கிகளால் வாயில் தகர்க்கப்பட்டது. நண்பகலுக்குள் எழுச்சி அடங்கியது. சரணடைந்தவரையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்றும் அதனினும் மிகுதி என்றும் மதிப்பிடுவர்.

இத்தோல்வியை ஆம்பூரோடு ஒப்பிட்டால் ஒரு செய்தி புலனாகும். 1749இல் வரிசையில் நின்று சுடக் கற்ற இந்நாட்டுச் சிப்பாய், 1806இல் அக்கல்வியைக் கற்பித்தவர்மீதே திருப்பினான். ஆனால் அவனுக்குக் கற்பிக்கப்பட்டது வரிசை, தலைமையன்று. உயர் பதவிகளெல்லாம் வெள்ளையருக்கே உரியவை. ஆகவே கோட்டையைப் பிடித்தபின் காவல் வகுப்போர் இல்லை. சிலர் பொருளைத் தேடிச் சென்றனர். எனினும் தோல்வி வீணாகவில்லை. உடைவிதி நீக்கப்பட்டது; ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்; திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1857இல் மீரட்டில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் மூண்ட பெருநெருப்புக்கு 51 ஆண்டுகள் முன்னரே இங்கு நெருப்பு மூண்டது. இருநூறாம் ஆண்டு நிறைவில், 2006இல், இந்திய அஞ்சல் துறை வேலூர் எழுச்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

தலைப்பாகையில் ஒரு துண்டுத் தோலை ஏற்க மறுத்த ஊர், பின்னாளில் தோலாலேயே உலகுக்கு அறிமுகமாயிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை வந்தது. சில ஆண்டுகளில் அது பாலாற்றைத் தொடர்ந்து மேற்கே நீண்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பாலாற்று நீரும் இருந்தன. இராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என ஆற்றின் போக்கிலேயே தொழில் வேரூன்றியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரரின் காலணிக்குச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் பெருமளவிற் சென்றது. தோல் வணிகர் ஈட்டிய பொருளில் ஒரு பங்கு கல்விக்கு வந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. தோல் வணிகப் பெருந்தகை சி. அப்துல் ஹக்கீம் பெயரில் மேல்விசாரத்தில் 1965இல் கல்லூரி எழுந்தது. 1970களில் பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவதை நடுவணரசு கட்டுப்படுத்தியதனால் காலணியும் மேலுறையும் இங்கேயே தைக்கப்படலாயின. சோவியத் ஒன்றியம் பெரிய வாங்குநராக இருந்தது. 1991இல் அது சிதறியபோது, மாஸ்கோவில் நிகழ்ந்ததை ஆம்பூர்த் தொழிற்கூடங்கள் வரலாற்று நூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. ரூபாய் வணிகம் நின்றதிலேயே அறிந்தன.

இத்தொழிலின் மறுபக்கத்தை மறைத்து எழுதுவது அறமாகாது. ஆவாரம்பட்டைக்கு அருகில் குரோமியம் வந்தபின், கழிவுநீர் பாலாற்றிலும் வயலிலும் கிணற்றிலும் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும். தீங்கு உறுதியாகும்வரை காத்திராது முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும். 1992இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் ஏற்ற இக்கோட்பாடுகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு கூறியது. மாசுபடுத்திய தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. சுத்திகரிப்புக்கு வழி செய்யாதவற்றை மூடவும் பணித்தது. நம் ஊர்ப் பெரியோர் பலருக்கு அஃது இழப்பின் நாள். உழவர்க்கு அது காலந்தாழ்ந்து வந்த நாள். இருவரும் ஒரே ஆற்றின் கரையினர்; பலவிடத்து ஒரே குடும்பத்தினர்.

ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. சட்டக் கல்லூரிகளில் மட்டும் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தொடங்கும் ஆசிரியர், இந்தியாவின் எந்த மாநிலத்தவராயினும், 'வேலூர் வழக்கு' என்றே இன்றும் குறிப்பிடுகின்றனர்.