பள்ளி இடமும் அரசின் பொறுப்பும்

தேர்வில் தோற்றவன் மீண்டும் முயன்று வெல்லலாம். தேறியவனை நோக்கி 'உனக்கு இடமில்லை' என்று கூறினால் அவன் எங்கே செல்வான்? கேரளத்தின் மலபார்ப் பகுதி பல ஆண்டுகளாக எழுப்பிவரும் வினா இதுவேயாகும்.

1956 வரை மலபார், சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது. திருவிதாங்கூர், கொச்சி மன்னராட்சிகளில் பள்ளிகள் பெருகிய அளவிற்கு அங்குப் பெருகவில்லை. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. கேரளத்திலோ கல்லூரிகளில் நடைபெற்ற 'பிரீ டிகிரி' வகுப்பு 1990களில்தான் படிப்படியாக நீக்கப்பெற்று, பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் பரவின. பள்ளிகள் மிகுந்த தெற்கில் இடங்கள் மிகுந்தன. குறைந்த வடக்கில் இடங்களும் குறைந்தன.

2024இல் மலப்புறம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 80,000 மாணவர்கள் பத்தாம் வகுப்பில் தேறினர். மாநில மொத்தக் கணக்கில் இடங்கள் போதும் என்பதே அரசுத் தரப்பின் விடையாக இருந்துவந்தது. கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளும் தொழிற்பயிற்சி இடங்களும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டன. தெற்கே பத்தனம்திட்டையில் காலியாக உள்ள இடத்தால் மலப்புறத்து ஏழை மாணவிக்கு என்ன பயன்? அவள் நாள்தோறும் அங்குச் சென்று மீள இயலுமா?

அரசு வாளாவிருந்ததாகக் கூறுவதற்கில்லை. 50 பேர் அமரும் வகுப்பில் 30 விழுக்காடு இடங்களைக் கூட்டி 65 பேரை அமர்த்தியது. 2024 ஜூன் 24இல் வகுப்புகள் தொடங்கின. போராட்டங்கள் வலுத்த பின்னர், ஜூலையில் மலப்புறத்திற்கு 120, காசர்கோட்டிற்கு 18 எனத் தற்காலிகப் பிரிவுகள் அறிவிக்கப்பட்டன. மலப்புறத்தின் 120இல் கலைப்பிரிவு 59, வணிகவியல் 61. அறிவியற் பிரிவு ஒன்றேனும் இல்லை. மருத்துவமோ பொறியியலோ பயில விழைந்த மாணவனுக்கு அவ்விடங்களால் பயனில்லை. நெருக்கடியும் தற்காலிக ஏற்பாடும் நிலையான பள்ளி இடத்திற்கு ஈடாகா.

இதன் வேர் சட்டத்திலும் உள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே காக்கின்றது. அதற்கு மேற்பட்ட இடத்தை அச்சட்டத்தின் பெயரால் உரிமையாகக் கோர வழியில்லை. ஆகவே, இடம் தருவது கடமை என்பதினின்றும் வழுவிச் சலுகை ஆகிவிடுகின்றது.

இதனை ஒரு சமுதாயத்தின் குறையாக மட்டும் சுருக்குவது பொருந்தாது. மலபாரில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழ்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும் இடமின்றித் திறந்தநிலைப் பள்ளியை நாடுவோருள் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் உளர்.

தேர்வு எழுதுவோரின் எண்ணிக்கை பல திங்கள் முன்னரே அரசுக்குத் தெரியும். அதனைக் கொண்டு மாவட்டந்தோறும், பாடப்பிரிவுதோறும் தேவையையும் இருப்பையும் சேர்க்கைக்கு முன்பே வெளியிடல் வேண்டும். மாணவரற்ற பிரிவுகளைத் தேவையுள்ள இடத்திற்கு மாற்றி, நிலையான ஆசிரியர்களை அமர்த்தல் வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டைப் பெருமையுடன் அறிவிக்கும் அரசு, தேறியோருள் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதையும் அறிவிக்கட்டும். அக்கணக்கைக் கேட்பது கற்றோர் அனைவரின் கடன்.