புதிய பயிற்சியாளர் வந்தார், அணி வென்றது: யாருக்குப் பேர்?

ஜனவரி மாத வீரர் பரிமாற்றச் சாளரம் மூடும் நாள் நெருங்கினாலே ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளில் பயிற்சியாளர் நாற்காலிகள் ஆடத் தொடங்கிவிடும். மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும், அப்போதுதான் புதியவர் தமக்கு வேண்டிய ஆட்களை வாங்கிக்கொள்ள முடியும் என்பது கிளப்புகளின் கணக்கு. அந்த வாரங்களில் விளையாட்டுப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் பல உருவில் தலைகாட்டுகிறது. ஆள் மாறிய மறுவாரமே அணி ஜெயிக்கிறதே, அப்படியானால் தவறெல்லாம் பழையவர் மீதுதானா?

இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பர் 18 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ஜோசே மொரின்யோவை நீக்கியபோது, அந்த அணி 17 லீக் ஆட்டங்களில் 26 புள்ளிகள் எடுத்திருந்தது. 2021 ஜனவரியில் செல்சி ஃபிராங்க் லாம்பார்டை நீக்கியபோது 19 ஆட்டங்களில் 29 புள்ளிகள். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் இரண்டுமே 1.53. அடுத்து வந்த ஓலே குன்னர் சோல்ஷியர் யுனைடெட்டுக்கு ஆட்டத்துக்கு 1.90 புள்ளி எடுத்துக் கொடுத்தார். செல்சிக்கு வந்த தாமஸ் டூகல் சரியாக 2 புள்ளி. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கதைதான். உண்மையில் ஒன்றில் அணியின் ஆட்டமே மாறியது. இன்னொன்றில் பெருமளவு மாறியது காற்றின் திசை.

சோல்ஷியரின் முதல் எட்டு ஆட்டங்களும் வெற்றி. முதல் 12 லீக் ஆட்டங்களில் பத்து வெற்றி, இரண்டு டிரா, 32 புள்ளிகள். எதிரே நின்றவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பன்னிரண்டில் கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்டு, ஃபுல்ஹாம் மூன்றும் இருந்தன. அந்த சீசன் முடிவில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியவை அந்த மூன்று அணிகளேதான். டாட்டன்ஹாமை 1-0 என்று வென்ற ஆட்டத்தில் கோல்கீப்பர் டே ஹேயா 11 முறை பந்தைத் தடுக்க வேண்டியிருந்தது. பாரிஸில் பி.எஸ்.ஜி.யை வீழ்த்திய இரவை முடித்துவைத்தது கடைசி நேரப் பெனால்டி ஒன்று. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. வெற்றி வெற்றிதான். ஆனால் இதே வேகத்தில் இது தொடரும் என்று நம்புவதற்கு இதில் ஆதாரம் இல்லை.

கிளப் நம்பியது. 19 ஆட்டங்களில் 14 வெற்றி என்ற கணக்கு கையில் இருந்தபோது, 2019 மார்ச் 28 அன்று மூன்றாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் அந்த சீசனில் மீதமிருந்த பத்து ஆட்டங்களில் இரண்டே வெற்றி. கடைசி ஒன்பது லீக் ஆட்டங்களில் கிடைத்தவை எட்டுப் புள்ளிகள். அறிமுக ஆட்டத்தில் 5-1 என்று வென்ற அதே கார்டிஃபிடம், அதுவும் சொந்த மைதானத்தில், 0-2 என்று தோற்று சீசனை முடித்தார்கள். மொரின்யோ போகும்போது யுனைடெட் ஆறாம் இடத்தில் இருந்தது. மே மாதத்திலும் ஆறாம் இடம்தான்.

இங்கே இயங்குவது புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் எனப்படும் விதி. எந்த அணிக்கும் அதன் ஆட்கள், பணம், ஆட்டத் தரம் ஆகியவற்றுக்கு ஏற்ற ஒரு நடுமட்டம் உண்டு. காயங்கள், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள், நடுவரின் ஒரு முடிவு என்று எல்லாம் சேர்ந்து சில வாரங்கள் அந்த மட்டத்துக்குக் கீழே தள்ளும். கெட்ட நேரம் என்றென்றும் நீடிப்பதில்லை என்பதால் அணி தானாகவே மேலே வரும். சிக்கல் எங்கே என்றால், பயிற்சியாளரை நீக்குவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தின் அடியில்தான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மருத்துவரை மாற்றினால், மறுநாள் இறங்கும் சூட்டுக்குப் புதியவர் பேர் வாங்கிக்கொள்வார்.

அப்படியானால் எதனோடு ஒப்பிடுவது? இந்தக் கேள்விக்கு அழகான ஒரு வழியைக் கண்டவர் நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல். 1986 முதல் 2004 வரையிலான டச்சு முதல்நிலை லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். சரிவில் விழுந்து பயிற்சியாளரை நீக்கிய அணிகள் ஒரு பக்கம். அதே அளவு சரிவில் விழுந்தும் அவரையே வைத்துக்கொண்ட அணிகள் மறுபக்கம். நீக்கிய அணிகள் மீண்டன. நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதேபோல மீண்டன. நாற்காலி மாறியதால் மட்டும் தனியாக ஒரு லாபம் கண்ணில் படவில்லை.

கிளப் அறிக்கைகளில் வரும் ‘முன்னேற்றம்’ என்ற சொல்லை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். முந்தையவரின் கடைசிச் சில வாரங்களைவிட மேல் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அங்கே பொருள் இல்லை. ஒப்பிட வேண்டியது பள்ளத்தோடு அல்ல, பள்ளம் தானே தூர்ந்திருந்தால் அணி எங்கே நின்றிருக்குமோ அந்த இடத்தோடு. அந்த எண்ணை எந்த நிர்வாகமும் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் நீக்கியதற்கும், அதற்காகக் கொடுத்த இழப்பீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

லெஸ்டர் சிட்டியின் கதை இன்னும் கசப்பானது. இங்கிலாந்தின் பட்டத்தை வாங்கித் தந்த கிளாடியோ ரனியேரியை ஒன்பதே மாதங்களில், 2017 பிப்ரவரியில், வெளியேற்றினார்கள். அவருடைய உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். ஜூனில் பதவி நிரந்தரமானது. அக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார். பள்ளத்தில் ஒருவரைத் தண்டித்தார்கள், மேட்டில் இன்னொருவரை நம்பினார்கள். இரண்டு முடிவுகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. இரண்டு மனிதர்களின் வேலை அதில் போனது.

மாறாக, பொறுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2015 பிப்ரவரி தொடக்கத்தில் பொருசியா டார்ட்மண்ட் ஜெர்மன் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. யூர்கன் கிளாப்பை அவர்கள் நீக்கவில்லை. அதே பயிற்சியாளரோடு, ஏறக்குறைய அதே ஆட்களோடு, அந்த அணி ஏழாம் இடத்துக்கு ஏறியது. நடுவில் புதியவர் ஒருவர் வந்திருந்தால் அவருக்கு அங்கே சிலையே வைத்திருப்பார்கள். அந்த சீசனின் ஷாட்டுகளை எண்ணிப் பார்த்த லிவர்பூலின் ஆய்வாளர் இயன் கிரஹாம், டார்ட்மண்ட் மோசமாக ஆடவில்லை, அதற்கு நேரம்தான் சரியில்லை என்று கண்டார். கிளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தார். வந்தபோது அணி பத்தாம் இடம், சீசன் முடிவில் எட்டு. அந்த எட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் 2019-இன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் 2020-இன் லீக் பட்டமும் வந்திருக்குமா என்பது ஐயமே.

டூகலின் செல்சியில் மாறியது என்ன? லாம்பார்டின் 19 ஆட்டங்களில் செல்சி 33 கோல் அடித்து 23 வாங்கியிருந்தது. டூகலின் 19 ஆட்டங்களில் அடித்தது 25, வாங்கியது 13. அந்தப் பதின்மூன்றில் ஐந்து, வெஸ்ட் பிராம் உடனான ஒரே ஆட்டத்தில் போனவை. கவனிக்க வேண்டியது அடித்த கோல்கள் குறைந்ததைத்தான். அதிர்ஷ்டம் மட்டும் திரும்பியிருந்தால் அதுவும் கூடியிருக்கும். பின்வரிசையில் மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தி, ஓரங்கட்டப்பட்டிருந்த ரூடிகரை மீண்டும் அழைத்து, கோல் அடிப்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வாங்குவதில் நிறைய மிச்சப்படுத்தினார் அவர். இது ஒருவர் யோசித்துச் செய்த வேலை, தடயம் விட்டுப் போயிருக்கிறது. மே 29 அன்று மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கை வாங்கியதும் அதே பாணியில்தான்.

இந்திய அணியைப் பற்றிய கடிதங்களே அதிகம் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். இகோர் ஸ்டிமாச் 2023-இல் இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு ஆகிய ஊர்களில் மூன்று கோப்பைகள் வென்றார். ஜூலையில் தரவரிசையில் இந்தியா 99-ஆம் இடம். தெற்காசியக் கோப்பையின் அரையிறுதியும் இறுதியும் பெனால்டி ஷூட் அவுட்டில் கிடைத்தவை. ஆறே மாதத்தில், கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோல்வி. பயிற்சியாளர் அதே ஆள். மாறியவை எதிரணிகளும் மைதானமும். 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீலின் முதல் தொடரில் மூன்றாம் இடம் கிடைத்ததும் புதிய தொடக்கம் என்ற பேச்சு எழுந்தது. நான்கு ஆட்டங்களில் 90 நிமிடத்துக்குள் வென்றது தஜிகிஸ்தானை மட்டும். ஓமனை வீழ்த்தியது ஷூட் அவுட்டில். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போயிற்று. முதல் பேச்சுக்கும் ஆதாரம் போதாது, பின்னால் வந்த வசைக்கும் போதாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எத்தனை ஆட்டங்கள் பார்க்க வேண்டும்? லீக்கில் எல்லா அணிகளையும் ஒரு சுற்றாவது சந்திக்கும் வரை.

தேசிய அணிக்கு? ஆண்டுக்குப் பத்துச் சொச்சம் ஆட்டங்களே என்பதால், முடிவுகளைவிட எதிரணிக்குக் கொடுத்த வாய்ப்புகளை எண்ணுவது நல்லது.

எக்ஸ்ஜி என்கிறார்களே, அது என்ன? அடித்த ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கூட்டிச் சொல்லும் எண். பத்து ஆட்டத்துக்குக் குறைவாக இருந்தால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

ஜனவரியில் புதிய வீரர்களும் வந்துவிட்டால்? பயிற்சியாளரின் பங்கைத் தனியே பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

உதவியாளரையே தற்காலிகமாக அமர்த்தினால்? நிரந்தர ஒப்பந்தத்தை மே மாதம் வரை தள்ளிப்போட்டால் போதும்.