கம்பிவேலிக்கு எந்தப் பக்கம் பாதுகாப்பு?

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் ‘பாதுகாப்பு’ என்பது நெடுங்காலம் ஒரு கம்பிவேலியின் பெயர். 1990-இல் போருக்கு நடுவே பலாலி ராணுவத் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களை விட்டுச் சனம் கிளம்பியது. திரும்பிப் போக முடியாதபடி அங்கே உயர் பாதுகாப்பு வலயம் எழுந்தது. செம்மண் தோட்டமும் கிணறும் கோயிலும் வேலிக்கு உள்ளே. காணி உறுதியைப் பெட்டிக்குள் பொத்தி வைத்திருந்த சொந்தக்காரர் வெளியே, நலன்புரி முகாமில். போர் 2009 மே மாதம் முடிந்தது. வலயத்துக்குள் இருந்த மயிலிட்டித் துறைமுகம் மக்கள் கைக்கு வந்தது 2017 ஜூலையில். ஊரை விட்டு ஓடியபோது இடுப்பில் இருந்த குழந்தைக்கு அப்போது முப்பதை எட்டும் வயது.

நாட்டின் எல்லை பத்திரமாக இருந்தால் மக்களும் பத்திரம் என்ற கணக்கை, ஐ.நா.வின் 1994-ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை உடைத்தது. அதன் பின்னால் இருந்தவர் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக். உணவு, உடல்நலம், வருமானம் என்று ஏழு வகைப் பாதுகாப்பை அது அடுக்கியது. பிறகு சடாகோ ஒகாட்டாவும் அமர்த்திய சென்னும் தலைமையேற்ற ஆணையம் 2003-இல் அதை விரித்துச் சொன்னது. ஐ.நா. மொழி எப்போதுமே சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். அதில் மண் ஒட்டியிருப்பதைப் பார்க்க முகமாலைக்குப் போக வேண்டும்.

ஏ-9 சாலையில் பளைக்கு வடக்கே இருக்கிறது முகமாலை. இரு தரப்பின் முன்னரங்கும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்ற இடம். ராணுவமும் கண்ணிவெடி புதைத்தது, விடுதலைப் புலிகளும் புதைத்தார்கள். புலிகளின் ‘ஜொனி’ மிதிவெடி மரப்பெட்டிக்குள் வைத்தது. கருவிக்குச் சிக்க அதில் உலோகம் அதிகம் இல்லை. முகக்கவசத்துடன் வெயிலில் மண்டியிட்டு, விரற்கடை விரற்கடையாக மண்ணைக் கிளறித்தான் முன்னேற வேண்டும். இந்த வேலைக்கு வந்தவர்களில் பெண்கள் ஏராளம். பலர் போரில் கணவனை இழந்தவர்கள், வீட்டில் உழைக்கும் ஒரே ஆள். மண் துப்புரவானால் யாரோ ஒருவர் தென்னை வைப்பார். மாதம் முடிந்தால் இவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். சமாதானம் பற்றிய எத்தனையோ கருத்தரங்குகளைவிட இந்த ஒரு சம்பளக் கவர் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசம்பரில் சேர்ந்த இலங்கைக்கு, வெடிகளை அகற்றி முடிக்க 2028 வரை கெடு.

போருக்குப் பின் சாலைகள் வந்தன. 2014-இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே புதுச் சாலை வழியாகத்தான் நுண்நிதிக் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். கோழி வளர்க்க, கடை போட என்று கடன் வாங்கிய பெண்கள், ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கினார்கள். வாரத்தவணை நாளில், வசூலுக்கு வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் ஒளியும் நிலை. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த ஊரில் இதுவும் ஓர் அச்சம்தான். எந்த ராணுவ முகாமாலும் இதைத் தடுக்க முடியாது. 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு திட்டம் கொண்டுவந்தது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் முன்னும் அதே 1 லட்சம் வந்து நின்றது. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பிப்ரவரி 20 அன்று அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2022-இல் குடும்பத்துக்கு 1 லட்சம் தருவதாக அரசு சொன்னது. பிறகு 2 லட்சமாக உயர்த்தியது. வறுமையில் இருந்தவர்கள்தான். ஆனாலும் வேண்டாம் என்றார்கள். கையில் பிடித்திருந்த படத்தில் இருப்பவன் எங்கே என்றுதான் அவர்கள் கேட்டிருந்தார்கள். பதில் வருமுன்பே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். சில படங்களைப் பேத்திகள் பிடித்திருக்கிறார்கள்.