சாகாம வழிக்கு ஏற்ற டயர்

அக்கரைப்பற்றிலிருந்து சாகாம வீதி வழியே சைக்கிளில் புறப்படுகிறவன், ஊர் எல்லை வரையில் தார் வீதியிலும், அப்பால் வயல் வட்டைகளை ஊடறுத்துச் செல்லும் கிரவல் பாதையிலும், பின்னர் வாய்க்காலோரத்து ஒற்றையடித் தடத்திலும், ஈற்றில் சாகாமக் குளக்கட்டின் இறுகிய மண்ணிலும் உருண்டு, திரும்பும் பிரயாணத்தில் தம்பிலுவில் பக்கத்துக் கடற்கரை மணலையும் தொட்டு வீடு சேருவானாகில், அவனுடைய சக்கரங்கள் ஒரே காலைப்பொழுதில் ஐந்து விதமான நிலத்தைக் கண்டுவிடுகின்றன. அந்த ஐந்துக்கும் ஈடுகொடுத்து நெடுநாள் உழைக்கும் டயர் எது என்பதே, இப்பிரதேசத்தில் மவுண்டன் சைக்கிள் வாங்கும் இளைஞர் முன்னுள்ள பிரதான வினா.

மவுண்டன் சைக்கிள் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பைஸ் என்னும் மலைச்சரிவில், பருத்த டயர் பூட்டிய பழைய சைக்கிள்களில் சிலர் வேகமாக இறங்கிப் பழகியதிலிருந்து வளர்ந்த வாகனமாகும். உதிரி மண்ணைக் கவ்விப்பிடிக்க வேண்டியிருந்ததால், உயரமும் இடைவெளியும் மிகுந்த இறப்பர்க் கட்டைகள் அவ்விதச் சைக்கிளின் டயர்களுக்கு அவசியமாயின. அம்பாறைக் கரையோரத்திலோ மலை இல்லை. ஆயினும் பார்வைக்குக் கம்பீரமாயிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நானும் அத்தகைய டயரையே முதலில் வாங்கினேன். கட்டை உயர்ந்தால் அது தாரில் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நெளிந்து உராய்கிறது. உராய்ந்த விளிம்பு கரைகிறது. மிதிப்பவனுடைய பலமும் அந்த நெளிவிலேயே விரயமாகிறது. ஆறு மாதம் ஆகுமுன் பின் டயரின் நடுப்பகுதி மொட்டையாகி, ஓரத்துக் கட்டைகள் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் நின்றன.

ஆதலால் நடுவில் உயரம் குறைந்து நெருக்கமாக அமைந்த கட்டைகளும், இரு ஓரங்களில் மட்டும் சற்று எழும்பிய கட்டைகளும் உள்ள டயரே நமக்கு உகந்தது. நேரே செல்லும்போது நடுப்பகுதி தாரில் இலகுவாக உருண்டு ஓடும். கிரவலில் திரும்பும்போது ஓரம் பிடிக்கும். அகலம் 1.95 முதல் 2.1 அங்குலம் வரை போதுமானது. அதற்கு மேற்பட்டால் மாரிகாலத்து வயற்சேறு சைக்கிள் சட்டத்துக்கும் டயருக்கும் இடையில் அடைத்துக்கொள்ளும்.

இங்கே டயருக்கு ஜென்மப்பகை நெருஞ்சி முள்தான். இதே செடி கலிபோர்னியாவிலும் பரவி, டியூபைத் துளைக்கும் கொடி என்றே அங்குள்ளோரால் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஒரே வாரத்தில் மூன்று முறை காற்றுப்போன எனது சைக்கிளை ஊரில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்திக் குமிழி வந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் விரல்நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். “இஞ்ச பாருங்க தம்பி, முள்ளு உள்ளுக்குத்தான் இரிக்கி. ஒட்டி ஒட்டி என்ன பிரயோசனம்?” என்றார். அரிசியிற் பாதியளவுகூட இல்லாத முள்முனை அது. “அப்ப வேற டயர்தான் போடணுமா காக்கா?” என்று கேட்டதற்கு, “போட்டா அடித்தட்டுள்ள டயராப் போடுங்க” என்றார்.

அடித்தட்டு என்று அவர் சொன்னது, கட்டைகளுக்கும், டயரின் உடலாகிய நூல்வலைக்கும் இடையில் முள்ளைத் தடுப்பதற்காகவே வைக்கப்படும் தடித்த இறப்பர் அல்லது நெய்த துணிப்படை. இதனால் பாரம் கூடும், பந்தயக்காரர் விரும்பார், நாமோ அந்தப் பாரத்தைச் சந்தோஷமாக ஏற்கலாம். நூல்வலையையும் கவனிக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் 120 இழை என்று குறித்திருந்தால் அது மெல்லிய, இலகுவான டயர். 60 அல்லது அதற்குக் குறைவான இழை என்றால் இழை தடித்து, கல்லும் கிரவலும் பக்கச்சுவரைக் கிழிப்பது அரிதாகும்.

அளவில் ஏமாறாதிருக்க, டயரின் பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறித்த எண்ணைப் பார்க்கவேண்டும்: 26 அங்குலத்து மவுண்டன் சக்கரத்துக்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622. நம் வாப்பாமார் ஓட்டிய 28 அங்குலத்து ஒன்றரை அங்குல டயருக்குரிய எண் 635. பெயரில் சிறியதாகிய 28, 29இன் சக்கரவட்டத்திலும் பெரிதாயிருக்கும் விசித்திரத்தால், அங்குலக் கணக்கை மட்டும் நம்பி வாங்குவோர் வீணாக அலைகிறார்கள்.

நல்ல டயரையும் கெடுப்பது காற்றழுத்தமே. சாமானிய உடல்வாகு உள்ளவருக்குத் தாரில் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 45 இறாத்தல் வரையும், மணலிலும் கிரவலிலும் 30 முதல் 35 இறாத்தல் வரையும் பொருந்தும். பக்கத்தில் பொறித்த எல்லையை மீறலாகாது. 30 இறாத்தலிலும் குறைந்தால், கல்லில் மோதும்போது டியூப் சக்கர வளையத்தில் நசுங்கி, பாம்பு தீண்டினாற்போல் இரண்டு துளைகள் விழும். பின் சக்கரமே அதிக பாரத்தைச் சுமப்பதால் பின் டயர் முந்தித் தேயும். அப்போது முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னே பூட்டுங்கள். முன் டயர் வழுக்கினால் விழுவது நிச்சயம். ஓய்வில் நிற்கும் சைக்கிளை வெயிலில் விடாதீர்கள். வெயிலில் இறப்பர் வெடித்துப் பிளக்கும்.

புதிய டயர் வாங்கப் போகும் நாளில் பழைய பின் டயரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதன் பக்கத்தில் உங்கள் அளவும், அது தேய்ந்த இடத்தில் நீங்கள் அதிகம் ஓடிய நிலமும் எழுதியிருக்கும்.