தோற்கும் அணிக்குப் பயிற்சியாளரை மாற்றுவது தீர்வா? கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் முடிவெடுக்கும் முறை

கல்லூரி அணி ஒன்று தொடர்ந்து தோற்கும்போது முதலில் எழும் கேள்வி, பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு விளையாட்டு இயக்குநர் பதில் சொல்லிவிடுவார். ஒப்பந்தத் தொகையைக் கொடுத்து அனுப்புவார், அல்லது இன்னொரு ஆண்டு பொறுப்பார். கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்தில் அப்படி முடிவெடுக்கும் ஒரே நபர் கிடையாது. கல்லூரி, கேரளப் பல்கலைக்கழகம், கேரள மாநில விளையாட்டு கவுன்சில் ஆகிய மூன்றுக்கும் பெண்கள் கூடைப்பந்தில் பங்கு உண்டு. பழி மட்டும் பெரும்பாலும் ஒருவர் தலையில் விழுகிறது. ஆகவே, அந்த ஒருவரின் பொறுப்பு எதுவரை என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவு நியாயமாக இருக்கும்.

பயிற்சியாளர் யாருடைய ஊழியர்?

கல்லூரி அணிக்குப் பயிற்சி தருபவர்கள் மூன்று வகையினர். முதலாமவர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் நிரந்தரப் பணியில் இருப்பவர். கூடைப்பந்து மட்டுமல்லாமல் தடகளம், கைப்பந்து, கபடி என எல்லாமே அவர் பொறுப்பு. அணி தோற்றது என்பதற்காக அவரை யாரும் பணிநீக்கம் செய்துவிட முடியாது.

இரண்டாமவர் விளையாட்டு கவுன்சிலின் பயிற்சியாளர். விளையாட்டு அமைப்பாளர் ஜி.வி. ராஜாவின் முன்முயற்சியில் 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டு கவுன்சிலாகத் தொடங்கிய அமைப்பு இது. கல்லூரிகளில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது, அவற்றுக்குப் பயிற்சியாளர்களையும் அனுப்புகிறது. இவரை மாற்ற வேண்டும் என்று கல்லூரி நினைத்தாலும் ஆணை கவுன்சிலிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஆணை பெரும்பாலும் இடமாற்றமாகவே இருக்கும். ஒரு விடுதியில் சோபிக்காதவர் அடுத்த மாவட்டத்து விடுதிக்குப் போகிறார். குறை அவருடையது என்றால் அங்கேயும் அது தொடரும். குறை விடுதியுடையது என்றால் புதிதாக வருபவரும் அதே இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்.

மூன்றாமவர் ஒப்பந்த அடிப்படையிலோ நாள்கூலிக்கோ வருபவர். இவரை நிறுத்துவதுதான் மிக எளிது. எளிது என்பதாலேயே அவசர முடிவுகளும் இவர் விஷயத்தில்தான் அதிகம். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர், இரண்டாண்டு கழித்துப் பலன் தரும் பயிற்சியைத் தொடங்கத் தயங்குவார். வரும் போட்டியை எப்படியாவது ஒப்பேற்றுவதற்கே அவரது கவனம் முழுவதும் போகும்.

வீராங்கனைகள் எங்கிருந்து வருகிறார்கள்?

1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகப் பிறந்து, 1957-ல் பெயர் மாறிய கேரளப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. 1968-ல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பிரிந்தது. 1983-ல் கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் உருவானது. பெண்கள் கூடைப்பந்துக்குப் பேர்போன சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. இந்திய அணியின் தலைவராக இருந்து, 2014-ல் அர்ஜுனா விருது பெற்ற கீது அன்னா ஜோஸ் அந்தக் கல்லூரியின் மாணவி. 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. தொழில்முறைக் கூட்டமைப்பைச் சேர்ந்த மூன்று அணிகள் அவரைத் தேர்வுச் சோதனைக்கு அழைத்தன.

ஒரு கல்லூரியில் வெற்றி மரபு உருவாகிவிட்டால், பள்ளியில் நன்றாக ஆடும் பெண் அங்கேதான் சேர விரும்புவாள். அவளுடைய அக்காமார் அங்கிருந்துதான் ரயில்வேக்கும் மின்சார வாரியத்துக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள். எனவே, தலைநகரக் கல்லூரியின் பயிற்சியாளர் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களில் யார் வந்து சேர்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் அணி அமைக்க வேண்டும். ஊர் ஊராகப் போய், உதவித்தொகை பேசி, வீராங்கனையைத் தேர்ந்தெடுத்து வரும் அமெரிக்கப் பயிற்சியாளரின் அதிகாரம் இவருக்குக் கிடையாது.

பல்கலைக்கழக அணியில் சிக்கல் இன்னொரு விதம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென் மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் அணிகளே அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். அங்கே தமிழகம், கர்நாடகத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வருகின்றன. அவற்றின் வீராங்கனைகள் ஒரே வளாகத்தில் தங்கி, ஆண்டு முழுவதும் ஒன்றாக ஆடுபவர்கள். கேரளப் பல்கலைக்கழகமோ இணைப்புக் கல்லூரிகளிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, முகாம் வைத்து அழைத்துப் போக வேண்டும். பந்து கைக்கு வரும் முன்பே தோழி எந்தப் பக்கம் ஓடுவாள் என்று தெரிந்துவைத்திருப்பது கூடைப்பந்தில் பாதி வேலை. குறுகிய முகாமில் அதை ஓரளவுக்குத்தான் கற்றுத்தர முடியும்.

மழையும் தளமும்

திருவனந்தபுரத்துக்கு இரண்டு பருவமழைகள். ஜூனில் தென்மேற்கு தொடங்குகிறது, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு வருகிறது. கல்லூரி திறந்து அணியை உருவாக்க வேண்டிய மாதங்கள்தான் திறந்தவெளி சிமென்ட் தளம் ஈரமாகக் கிடக்கும் மாதங்கள். ஈரத் தளத்தில் வேகமாக ஓடித் திரும்பச் சொன்னால் முழங்கால் போய்விடும். பெண் கூடைப்பந்து வீராங்கனைகளுக்கு முழங்காலின் முன் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவம் நன்கறிந்த உண்மை. ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கம் போன்ற கூரையுள்ள தளத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பது பருவத்தின் முடிவைப் பெரிய அளவில் நிர்ணயிக்கிறது. ஒரு பயிற்சியாளரை எடைபோடுபவர்கள் தோல்விப் பட்டியலுடன் பயிற்சி நடந்த நாட்களின் பதிவேட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஸ்கோர் தாளை எப்படி வாசிப்பது?

வெற்றி தோல்விக்கு அப்பால் பயிற்சியாளரின் உழைப்பு தெரியும் இடம் ஸ்கோர் தாள். அமெரிக்க ஆய்வாளர் டீன் ஆலிவர் 2004-ல் வெளியிட்ட நூல், ஆட்டத்தைத் தீர்மானிப்பவை நான்கு என்று வகுத்தது: எறிந்த பந்துகளில் எத்தனை கூடைக்குள் விழுகின்றன, கையிலிருக்கும் பந்தை எத்தனை முறை வீணாக இழக்கிறார்கள், விழாத பந்தை மீண்டும் பிடிக்கும் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. இவற்றில் சில உயரத்தையும் இயல்பான திறமையையும் பெரிதும் சார்ந்தவை. சில பயிற்சியையே பெரிதும் சார்ந்தவை.

எடுத்துக்காட்டாக, ஓர் அணி 51-57 என்று தோற்றதாக வைத்துக்கொள்வோம். தாளில் 24 ஃப்ரீ த்ரோக்களில் ஒன்பதுதான் விழுந்திருக்கின்றன. பதினாறு விழுந்திருந்தால் ஏழு புள்ளிகள் கூடி, 58-57 என்று அந்த அணியே வென்றிருக்கும். ஃப்ரீ த்ரோவை யாரும் தடுப்பதில்லை. தூரம் மாறுவதில்லை, எதிரணியின் உயரம் குறுக்கே வருவதில்லை. தினமும் களைத்த கால்களோடு ஐம்பது முறை எறியப் பழகினால் அது கைவரும். ஒரு பருவம் முழுக்க இந்தக் கணக்கு அசையவே இல்லை என்றால் அது பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மறுபுறம், முதலாண்டு 40-70 என்று தோற்று, 34 முறை பந்தைப் பறிகொடுத்த அணி, இரண்டாண்டு கழித்து அதே எதிரணியிடம் 52-60 என்று தோற்று, 18 முறை மட்டுமே பறிகொடுத்தால் பதிவேட்டில் இரண்டுமே தோல்விதான். தாளை வாசிப்பவருக்கோ அங்கே ஒருவர் வேலை செய்திருப்பது தெரியும். இரண்டாவது ஆட்டம் முடிந்த கையோடு அவரை அனுப்பினால் அந்த உழைப்பு வீணாகும்.

பொறுமைக்குக் கிடைத்த பலன்

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்குக் கேரளத்தின் சொந்த வரலாறே சான்று. தடகளப் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் 1976-ல் ஓட்ட வீராங்கனை பி.டி. உஷாவுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் பதினாறு வயது உஷா 100 மீட்டர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அந்த ஒரு முடிவை வைத்துப் பயிற்சியாளரை மாற்றியிருந்தால் 1984-ல் லாஸ் ஏஞ்சலீஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கம் தவறிய அந்த ஓட்டம் நடந்திருக்குமா என்பது ஐயமே. 1986 சியோல் ஆசியப் போட்டியில் உஷா நான்கு தங்கம் வென்றபோது அந்தப் பயிற்சிக்கு ஏறத்தாழ பத்து வயது.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் இரு பெரும் பெயர்களும் தோல்வியில்தான் தொடங்கின. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜீனோ ஆரியெம்மாவின் முதல் பருவம், 1985-86, 12 வெற்றி, 15 தோல்வி. முதல் தேசியச் சாம்பியன் பட்டம் பத்தாவது பருவத்தில், 1995-ல் வந்தது. 2025-ல் பன்னிரண்டாவது பட்டத்தையும் வென்றார். தென் கரோலினாவில் டான் ஸ்டேலியின் முதல் பருவம் 10 வெற்றி, 18 தோல்வி. இரண்டாவது பருவத்திலும் தோல்விகளே அதிகம். அவர் 2017, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார்.

இவை ஜெயித்தவர்களின் கதைகள் என்பதையும் மறக்கக் கூடாது. முதலில் தோற்று, கடைசிவரை தோற்றவர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. அதனால்தான் ஆய்வுகள் தேவைப்படுகின்றன. நெதர்லாந்துக் கால்பந்தில் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை ஆராய்ந்த பாஸ் டெர் வீல், பயிற்சியாளரை மாற்றிய அணிகள் பிறகு மேம்பட்டது போலத் தோன்றினாலும், அதே நிலையில் இருந்து மாற்றாத அணிகளும் அதே அளவு மீண்டன என்று கண்டார். கல்லூரிகளின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டத்தைப் பற்றி 2013-ல் வெளியான இன்னோர் ஆய்வும் இதையொட்டியதே. அடிமட்டத்தில் இருந்த அணிகளுக்கு மாற்றம் பெரிதாக உதவவில்லை. நடுத்தர அணிகளோ மாற்றிய பின் இன்னும் சரிந்தன. மிக மோசமான பருவத்துக்குப் பின் ஓரளவு மீட்சி தானாகவே வரும். அந்தப் புகழ் புதிதாக வந்தவருக்குப் போய்விடுகிறது.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

பொறுமை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. மாற்றம் தேவை என்பதைக் காட்டும் அறிகுறிகள் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அதே தவறுகள் தாளில் திரும்புவது ஒன்று. சேர்ந்த பெண்கள் இரண்டாமாண்டிலேயே அணியை விட்டு விலகுவது இன்னொன்று. காயங்கள் கூடுவது, அடிபட்ட முழங்காலோடு ஆட வைப்பது, படிப்பைக் கெடுக்கும் அளவுக்கு நேரம் பிடுங்குவது ஆகியவையும் அப்படியே. இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்து வந்தால் தோல்வி வெறும் துரதிர்ஷ்டம் அல்ல. அந்தப் பெண்கள் கல்லூரியில் இருப்பது மூன்று, நான்கு ஆண்டுகள்தான். அவர்களுடைய ஆண்டுகளைச் செலவழித்து ஒருவருக்கு வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் அநீதியே.

நடத்தை பற்றிய புகார் முற்றிலும் வேறு விஷயம். பாலியல் தொல்லை, மிரட்டல், அவமதிப்பு போன்றவற்றை வெற்றிக் கணக்கோடு சேர்த்து எடைபோட இடமே இல்லை. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் வகுத்த விதிகளும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை உள் புகார்க் குழு விசாரிக்க வேண்டும் என்கின்றன. இந்தப் பாதுகாப்பு மாணவிகளுக்கும் உண்டு. கோப்பை வென்ற பயிற்சியாளர் என்பதால் விசாரணை தள்ளிப்போகக் கூடாது. புகாருக்கு உள்ளானவரைச் சத்தமில்லாமல் இன்னொரு விடுதிக்கு மாற்றிவிடுவது அங்கிருக்கும் பெண்களை ஆபத்தில் தள்ளுவதாகும்.

முடிவெடுக்கும் வழி

முதலில், பருவம் தொடங்கும் முன்பே எதிர்பார்ப்பு எழுத்தில் இருக்க வேண்டும். ‘மண்டலப் போட்டியில் காலிறுதி’ என்பது மட்டும் போதாது. பந்தைப் பறிகொடுப்பது எவ்வளவு குறைய வேண்டும், ஃப்ரீ த்ரோ எவ்வளவு உயர வேண்டும், எத்தனை பேர் தேர்வில் தேற வேண்டும் என்பதும் அதில் வர வேண்டும். கல்லூரி தருவதாகச் சொல்லும் தளம், உணவு, பிசியோதெரபி உதவி ஆகியவையும் அதே தாளில் இடம்பெற வேண்டும். கேட்பவர் கொடுப்பவராகவும் இருந்தால்தான் கணக்கு நேராகும்.

இரண்டாவது, மதிப்பீட்டுக் காலம் ஒரு மாணவியின் கல்லூரிக் காலத்தோடு பொருந்த வேண்டும். புதிய பயிற்சியாளர் தாமே முதலாண்டிலிருந்து வளர்த்த மாணவிகள் மூன்றாமாண்டை எட்டும்போதுதான் அவருடைய அணி என்று ஒன்று உருவாகும். 2024 முதல் கேரளத்தில் நடைமுறையில் உள்ள நான்காண்டுப் பட்டப்படிப்பு, விரும்பும் வீராங்கனையை இன்னொரு ஆண்டு அணியில் வைத்திருக்க வழி தருகிறது. இடையில் ஆண்டுதோறும் பரிசீலனை நடக்கலாம். குறைகளைச் சொல்லித் திருத்த வாய்ப்புத் தருவதுதான் அதன் நோக்கம்.

மூன்றாவது, மாணவிகளிடம் கேட்க வேண்டும். பெயர் வெளியே வராத வகையில், பயிற்சியாளர் இல்லாத அறையில், படிப்பை முடித்துச் சென்றவர்களையும் சேர்த்துக் கேட்பது நல்லது. விலகிப்போன பெண் ஏன் விலகினாள் என்பதை அவளிடமே கேட்காமல் எழுதும் எந்த அறிக்கையும் முழுமையாகாது.

நான்காவது, மாற்றுவதென்றால் அடுத்தவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சிப் பட்டயம் பெற்றவரா, பெண்கள் அணியோடு பணியாற்றிய அனுபவம் உள்ளவரா என்று பார்க்க வேண்டும். தகுதியுள்ள பெண் பயிற்சியாளரைத் தேடும் முயற்சியும் அதில் அடங்கும். காரியவட்டத்தில் 1985 முதல் இயங்கும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இதே நகரில் இருக்கும்போது ஆள் கிடைக்கவில்லை என்பது வலுவான சாக்கு ஆகாது.

இந்த நான்கையும் செய்த பிறகும் அணியில் வளர்ச்சி தெரியவில்லை என்றால் பயிற்சியாளரை மாற்றுவதே சரி. வளர்ச்சி தெரிந்து, புள்ளிப் பலகை மட்டும் இன்னும் மாறவில்லை என்றால் அவரை வைத்துக்கொள்வதே சரி. தளமும் விடுதியும் வீராங்கனைத் தேர்வும் சீராக இல்லாத இடத்தில் பயிற்சியாளரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. அங்கே முதலில் மாற வேண்டியது நிர்வாகத்தின் நடைமுறைதான்.