தாராவி அங்கன்வாடிகளும் சட்டத்தின் ஒற்றைச் சொல்லும்

புதுதில்லி: ஆறு வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிப்பது அரசின் கடமையா, விருப்பமா? நாடாளுமன்றம் இருமுறை இக் கேள்வியைச் சந்தித்தது, இருமுறையும் நழுவியது.

2002-ல் நிறைவேறிய 86-வது அரசியல் சாசனத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்குக் குறைந்த வயதினருக்காக அரசு "முயற்சி செய்யும்" என்பதோடு 45-வது பிரிவு நின்றுவிட்டது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவோ, 3 வயது முதல் 6 வயது வரையிலானவர்களுக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்கிறது. "செய்ய வேண்டும்" என்று அதில் இல்லை.

இந்த "லாம்" விகுதியின் விலை என்ன என்பதை மும்பையில் காணலாம்.

கைக்கெட்டும் உயரத்தில் பொருள்களை ஒழுங்காக அடுக்கி, வேண்டியதைக் குழந்தையே எடுத்துச் செய்துபார்த்து, எடுத்த இடத்தில் திரும்ப வைக்க விடுவது மான்டிசோரி முறை. நம் நாட்டில் இது வசதி படைத்தோர் பள்ளிகளின் அடையாளமாகிவிட்டது. ஆனால் அதைக் குடிசைக்குக் கொண்டுசென்றவர் மும்பையில் பிறந்த தாராபாய் மோடக். மாதுங்காவை ஒட்டிய தாதரில் சிசு விஹார் நடத்திய அவர், 1945-ல் போர்டி கிராமத்துக்குச் சென்றார். பின்னர் அனுதாய் வாக்குடன் கோஸ்பாட் மலைப் பகுதியில் ஆதிவாசிக் குழந்தைகளிடையே பணியாற்றினார். விலை உயர்ந்த சாதனங்களுக்குப் பதிலாக விதை, கூழாங்கல், கிளிஞ்சல், இலை. பள்ளிக்கு வராத குழந்தையின் வீட்டு முற்றத்துக்குப் பள்ளியே சென்றது. "அங்கன்" என்றால் முற்றம்.

1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியபோது, தேர்வான சில நகர்ப்புறப் பகுதிகளில் தாராவியும் இடம்பெற்றது. முற்றத்தின் பெயர் வந்தது; முற்றம்தான் வரவில்லை. நெருக்கமான குடிசைப் பகுதியில் அலமாரி வைக்கவே இடம் தேட வேண்டும். எடை பார்ப்பது, சத்துணவு வழங்குவது, தடுப்பூசிக்கு அழைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒரே ஊழியரின் வேலை. கற்பித்தல் கடைசியில்தான்.

மாதுங்காவில் குடியேறிய தமிழ் நடுத்தர வர்க்கத்தினர் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிக்கொண்டனர். தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலித் தொழிலாளிக்கு அந்த வசதி ஏது? வீட்டில் தமிழ் பேசும் அவரது குழந்தைக்கு, அங்கன்வாடியில் கேட்கும் மொழி வேறாக இருந்தால், சிக்கல் இன்னொரு படி கூடுகிறது.

3 வயது முதலே முறையான கல்வி என்றது 2020 தேசியக் கல்விக் கொள்கை. இலக்கு ஆண்டு 2030. ஆயினும் கொள்கை சட்டமாகாது. 2018-ல் மத்திய அரசு உயர்த்திய பிறகும், அங்கன்வாடி ஊழியருக்கு அதன் திட்டப்படியான மாத மதிப்பூதியம் ரூ. 4,500தான், மாநிலம் தருவது தனி. ஆசிரியர் என்ற பெயரும் இல்லை.

இந்நிலையில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்குக் காட்டிய காரணம் கவனத்துக்குரியது: உணவுப் பாதுகாப்புச் சட்டம், கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவு ஆகியவற்றின்படி அங்கன்வாடிகள் சட்டபூர்வக் கடமையை நிறைவேற்றுகின்றன. நாடாளுமன்றம் "செய்யலாம்" என்று எழுதிய அதே பிரிவுதான்.